நாளைக்குத் திருப்பிய தேதி

டிவித் தொடரில் காட்டிய நூலகத்தில் ஓர் ஏணி இருந்தது. சக்கரம் வைத்த மர ஏணி. நூலகராக நடித்த பெண் அதில் பாதி உயரம் ஏறி, ஒரு புத்தகத்தை உருவி, அங்கேயே நின்றபடி இரண்டு வரி படித்துவிட்டு, ஜன்னலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டாள்.

“ஏணியாம், பெரிய ஏணி!” என்றாள் பசைக்காரி. “எங்ககிட்ட இருந்தது ஒரே ஒரு முக்காலி. அதுலயும் ஒரு கால் குட்டை. ஏறி நின்னா கப்பல்ல போற மாதிரி இருக்கும்.”

“அம்மா, கதையைப் பாக்க விடும்மா,” என்றாள் மகள்.

“அப்புறம் என்னடி பெருமூச்சு? எங்க லைப்ரரி அக்காவுக்கு மூச்சு விடவே நேரம் கிடையாது. இதுல பெருமூச்சு வேறயா?”

மகள் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். பசைக்காரி வாயை மூடிக்கொண்டாளே தவிர, மனதுக்குள் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தாள். மேசை கதவைப் பார்த்துக் கிடக்கிறது, தப்பு. சுவரைப் பார்த்துத்தான் கிடக்கும், முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்பதைக் காலடிச் சத்தத்திலேயே அக்கா சொல்லிவிடுவாள். பத்திரிகைகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள், தப்பு. ஒவ்வொன்றும் ஒரு மூங்கில் குச்சியில் கோத்துத் தொங்கும், இல்லாவிட்டால் விளையாட்டுப் பக்கம் தனியாகப் பிரிந்து எவர் வீட்டுக்காவது போய்விடும். எல்லாவற்றையும் விடப் பெரிய தப்பு, அந்த நடிகை சத்தம் போட்டுச் சிரித்தாள். அக்கா சத்தமே வராமல்தான் சிரிப்பாள். ‘அமைதி காக்கவும்’ என்று தன் கையாலேயே எழுதி மாட்டிய பலகைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு, தோள் இரண்டும் குலுங்க, கண்ணில் நீர் வரும்வரை சிரிப்பாள். பார்க்கிறவர்கள் அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்ததும் உண்டு.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால், பசைக்காரிக்கு இருபத்திரண்டு வயது. ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றுபோன பெண்ணுக்கு நூலகத்தில் வேலை கிடைத்ததே பெரிய காரியம். புதுப் புத்தகம் வந்தால் பின் அட்டையின் உட்பக்கத்தில் தேதித் தாள் ஒட்ட வேண்டும், அதற்குக் கீழே அட்டை செருகும் பை ஒட்ட வேண்டும், முதுகில் எண் ஒட்ட வேண்டும். காலையில் போனதும் மாவைக் காய்ச்சிப் பசை கிண்டுவாள். சாயங்காலம் வீடு திரும்பும்போது விரலில், முழங்கையில், ஒரு தடவை புருவத்தில்கூடப் பசை காய்ந்திருக்கும். பசைக்காரி என்று பெயர் வைத்தது அக்காதான். பெயர் வைத்த கையோடு, “கோவமா?” என்று கேட்டவளும் அவள்தான். கோபம் எங்கே வரும்? பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் வைக்கிற அளவுக்குக்கூட யாரும் அவளைக் கவனித்ததில்லை.

நூலகரை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அறுபது வயதுக்காரர்களும் அப்படித்தான். அவளுக்கு முப்பத்துநாலு வயது. தனியாக இருந்தாள், அதைப் பற்றி யாரும் கேட்க முடியாத மாதிரி இருந்தாள்.

மத்தியான வேளைகளில் வாசகர் இல்லாதபோது இரண்டு பேரும் பின்கட்டில் உட்கார்ந்து கிழிந்த புத்தகங்களுக்கு ஒட்டுப் போடுவார்கள். பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தை வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று சட்டப் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்துவிட்டுப் போவார்கள். அக்காவுக்கு அந்த இடங்கள் எல்லாம் தெரியும். ஆனால் எடுக்க மாட்டாள். “நாளைக்கு வந்து தேடிட்டு இல்லன்னா மனசு ஒடஞ்சிரும்” என்பாள். பசைக்காரியின் வாழ்க்கையில் அதற்குப் பிறகு கல்யாணம் வந்தது, மகள் வந்தாள், கணவர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பின்கட்டு மத்தியானங்கள் மாதிரி மட்டும் எதுவும் திரும்ப வரவில்லை.

அந்த அக்காவைத்தான் யாரோ கொன்றார்கள். அந்த வருடம் ஒரு மாதத்தின் ஒன்பதாம் தேதி சாயங்காலம், நூலகத்துக்குள்ளேயே. யார் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

இல்லை. தெரியும் என்றுதான் நிறையப் பேர் நினைத்தார்கள். பசைக்காரியின் அண்ணன்தான் என்று.

அண்ணனுக்கு மோட்டார் சுற்றும் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டுவிட்டு, புதுச் செப்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிச் சுற்றிக் கொடுப்பான். வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டு நேராக நூலகத்துக்குப் போவான். பத்திரிகை படிக்க என்று பேர். நான்கு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகும் அவனுக்கு. “இன்னிக்குப் பேப்பர் வந்துருச்சுங்களா?” என்பான். காலையில் வந்த பத்திரிகை சாயங்காலம் ஐந்து மணிக்கு வராமல் எங்கே போகும்? அக்காவும் சளைக்காமல், “உங்களுக்குன்னு எடுத்து வெச்சிருக்கேன்” என்று மேசைக்குக் கீழேயிருந்து எடுத்துக் கொடுப்பாள். இரண்டு வருடமாக அவர்கள் பேசிக்கொண்ட பேச்சு கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதைத் தாண்டி ஒரு வார்த்தை பேச அவனுக்குத் தைரியம் கிடையாது. அக்காவுக்குத் தெரியும். பசைக்காரிக்குத் தெரியும். மூங்கில் குச்சிக்குக்கூடத் தெரிந்திருக்கும்.

ஒன்பதாம் தேதி பசைக்காரிக்குக் கடைவாய்ப் பல் வலி. நாலு மணிக்கே சொல்லிக்கொண்டு பல் டாக்டரிடம் போய்விட்டாள். வாசகர் பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து அண்ணனுடையது, உள்ளே வந்த நேரம் நாலு நாற்பது. மறுநாள் காலையில் நூலகத்தைத் திறக்கப் போன பசைக்காரிதான், பின்வழியாக உள்ளே நுழைந்து, பின் வரிசை அலமாரிக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்த்தாள். பார்த்ததும் வெளியே ஓடி வந்தவள், அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துக்குள் கால் வைக்கவே இல்லை. போலீஸ் பூட்டு பல மாதம் தொங்கியது. நூலகத்தையே வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

முன்கதவு உள்ளே தாழ்ப்பாள், பின்கதவு திறந்து கிடந்தது. ஆறு மணிக்கு நூலகம் மூடும். மூடுவதற்கு முன்னால் அடிக்கிற மணி அன்று கேட்கவில்லை என்றார் எதிர்க்கடைக்காரர். மூடிய பிறகு எழுதுகிற பதிவேட்டில் கையெழுத்து இல்லை. விளக்கும் போடவில்லை. ஆகவே நாலு நாற்பதுக்கும் ஆறுக்கும் நடுவில்தான் நடந்திருக்கிறது என்று போலீஸ் முடிவு கட்டியது. அந்த நேரத்தில் உள்ளே இருந்தது ஒரே ஆள். கொன்றுவிட்டு, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, பின்வழியாகப் போயிருக்கிறான். முடிந்தது கதை.

விசாரிக்க வந்தபோது பசைக்காரி ஒரு காரியம் செய்தாள். யாரும் கேட்பதற்கு முன்னாலேயே, “அண்ணன் நாலரைக்கே வீட்டுக்கு வந்துட்டார் சார், நான் பார்த்தேன்” என்றாள். பதிவேட்டில் நாலு நாற்பது என்று அவன் கையெழுத்து இருப்பது அவளுக்கு அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. தன் வீக்கம் கண்ட கன்னமும் நினைவுக்கு வரவில்லை.

“ஏம்மா, நாலரைக்குப் பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்துகிட்டு உக்காந்திருந்தே. அங்கேருந்து வீட்ல யார் வந்தாங்க போனாங்கன்னு எப்படித் தெரிஞ்சது?” என்று கேட்டார் அதிகாரி.

அந்தப் பொய்க்குப் பிறகு அண்ணனை மூன்று முறை அழைத்துப் போனார்கள். மூன்று முறையும் ஆதாரம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஊர் விடவில்லை. மோட்டார் கொண்டு வருகிறவர்கள் குறைந்தார்கள். பார்த்து வைத்திருந்த கல்யாணப் பேச்சு அப்படியே நின்றது. கடையை மூடி வீட்டு முன் அறைக்கே கொண்டு வந்துவிட்டான். இப்போது தங்கை வீட்டில்தான் இருக்கிறான், பதினோரு வருடமாக.

பசைக்காரி பொய் சொன்னது ஏன் என்பதுதான் விஷயம். அன்றைக்கு உண்மையில் அவள் வீடு திரும்பியபோது மணி ஐந்தே முக்கால். அண்ணன் குழாயடியில் குனிந்து தன் சட்டையைக் கசக்கிக்கொண்டிருந்தான். அவன் துணி துவைத்து அவள் அதுவரை பார்த்ததில்லை. மறுநாள் அக்காவைப் பார்த்துவிட்டு ஓடி வந்தவள், கொடியில் தொங்கிய அந்தச் சட்டையை எடுத்து, சோப்புப் போட்டு இரண்டு முறை மறுபடியும் துவைத்தாள். ஏன் துவைக்கிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணனையும் கேட்கவில்லை. அன்றிலிருந்து கேட்கவே இல்லை.

தொடர் வந்து மூன்று வாரம் ஆயிற்று. ‘உண்மைச் சம்பவத்தைத் தழுவியது’ என்று எழுத்துப் போட்டு, ஆட்களின் பெயரையெல்லாம் மாற்றியிருந்தார்கள். எடுப்பதற்கு முன்பு பசைக்காரிக்கும் போன் செய்தார்கள். “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லைங்க” என்று வைத்துவிட்டாள். மொத்தம் எட்டுப் பகுதி. மகளோடு உட்கார்ந்து ஐந்தைப் பார்த்துவிட்டாள். அண்ணன் மட்டும் பார்க்கவில்லை. முன் அறையில் கம்பி சுற்றிக்கொண்டே இருந்தான். சுவர் மெல்லியது, வசனம் எல்லாம் கேட்டிருக்கும்.

ஐந்தாம் பகுதியில் அண்ணனாக வருகிறவன் தாடி வைத்துக்கொண்டு நூலகரைச் சந்து சந்தாகத் தொடர்ந்து போனான். மழையில் நின்று அவள் ஜன்னலை வெறித்துப் பார்த்தான். அண்ணனுக்கு வாழ்நாளில் தாடி வளர்ந்ததில்லை, மோவாயில் நாலு முடிக்கு மேல் முளைக்காது. சிரிக்க வேண்டிய இடம். ஆனால் மகள் சிரிக்கவில்லை. அதற்கு மறுநாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள். “மாமா, என் ஹெட்போன் வேலை செய்யல, பாத்துக் குடுங்க” என்று எதையாவது தூக்கிக்கொண்டு ஓடுகிற பெண், புதிதாக ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள்.

மகள் ஒதுங்குவதை அண்ணன் கவனித்துவிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் கருவிகளை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.

“மார்க்கெட் பக்கம் ஒரு ரூம் காலியா இருக்காம். ஞாயித்துக்கிழமை அங்க போயிடலாம்னு இருக்கேன்,” என்றான், கம்பி வெட்டும் குறட்டைத் துடைத்தபடி.

“எதுக்கு இப்போ?”

“பொண்ணு வளந்துருச்சு. வீட்ல அவளுக்கும் எடம் வேணும்ல?”

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். பசைக்காரிக்கு நாக்கு எழவில்லை. இருபத்தேழு வருடமாக அவள் அடிமனதில் ஒரு கேள்வி கிடந்தது. தினமும் அவனுக்குச் சாப்பாடு போடும்போது அந்தக் கேள்வியும் கூடவே உட்காரும். இப்போது மகளையும் வைத்துக்கொண்டு, தெரியாது என்பதையே பதிலாக வைத்துக்கொண்டு, இரு என்று எப்படிச் சொல்வாள்? போ என்றும் எப்படிச் சொல்வாள்? உள்ளே போய் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தை எடுத்து இன்னொரு தடவை கழுவினாள்.

சனிக்கிழமை மத்தியானம் மகள் போனைப் பார்த்துக் களுக்கென்று சிரித்தாள்.

“அம்மா, நீ நூறு தப்பு கண்டுபிடிச்சியே, இதை விட்டுட்ட பாரு. ஊரே கிழிச்சுக்கிட்டு இருக்கு.”

“என்னவாம்?”

“அந்த மேசை சீன்ல டேட் ஸ்டாம்ப் ஒண்ணு காட்டுவாங்கல்ல? அதுல இருபத்துநாலுன்னு இருக்காம். கொலை நடந்தது ஒம்பதாம் தேதி. புத்தகம் பதினாலு நாளைக்குக் குடுப்பாங்க. அப்போ இருபத்துமூணுதானே வரணும்? ஒரு தேதிகூட ஒழுங்கா வைக்கத் தெரியலன்னு வறுத்து எடுக்கறாங்க.”

பசைக்காரி துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“அதுக்கு எடுத்தவங்க என்ன சொல்றாங்க?”

“அவங்களும் விடல. ‘நாங்க தப்பு பண்ணல, போலீஸ் எடுத்த படத்துல இருந்தபடியே வெச்சோம்’னு அந்தப் பழைய போட்டோவையே போட்டிருக்காங்க. இந்தா.”

கறுப்பு வெள்ளைப் படம். ஆள் யாரும் இல்லை, மேசை மட்டும்தான். இருபத்தேழு வருடத்துக்குப் பிறகு அந்த மேசையைப் பார்த்ததும் பசைக்காரிக்கு மூக்கில் பசை வாசம் வந்தது. ஓரத்தில் தீக்காயம் மாதிரி ஒரு மைக்கறை. அக்காவின் கண்ணாடிக்கூடு. மை ஒற்றும் பெட்டி, அதன் மூடி மூடியிருக்கிறது. அதன் மேல் குப்புறக் கிடக்காமல் மல்லாக்கக் கிடக்கிற முத்திரை. மகள் இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினாள். ரப்பர் பட்டையில் எண்கள் இடவலம் மாறித் தெரிந்தன. அப்படிப் பார்த்துப் பழகிய கண் அவளுக்கு. இருபத்துநாலு.

“அக்கா தேதியைத் திருப்பிட்டா,” என்றாள் பசைக்காரி.

“என்னம்மா?”

அவள் அங்கே இல்லை.

தேதி முத்திரையைக் காலையில் திருப்பினால் போதும் என்றுதான் மற்ற நூலகங்களில் வைத்திருந்தார்கள். அக்காவின் நூலகத்தில் அப்படி இல்லை. காலையில் திறந்ததுமே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் கூட்டமாக வந்து விழும். அந்த அவசரத்தில் ஒரு தடவை நேற்றைய தேதியிலேயே நாற்பது புத்தகம் போய்விட்டது. அன்றிலிருந்து முந்தின நாள் சாயங்காலமே திருப்பி வைத்துவிடுவது என்று அக்கா ஏற்பாடு செய்தாள். ஆனால் அதற்கும் ஒரு கட்டு இருந்தது. ஆறு மணி ஆகி, உள்ளே ஓர் ஆள்கூட இல்லை என்று பார்த்து, முன்கதவைத் தாழ் போட்ட பிறகுதான் முத்திரையைக் கையில் எடுப்பாள்.

ஒருநாள் ஆறு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. கூடம் காலி. மழை வேறு. சும்மா இருப்பானேன் என்று பசைக்காரி முத்திரையை எடுத்துத் திருப்பிவிட்டாள். அக்கா பார்த்துவிட்டாள்.

“மணி என்ன?”

“யாரும் இல்லக்கா. இந்த மழையில இனிமே யார் வரப்போறாங்க?”

“மணி என்னன்னு கேட்டேன்.”

“அஞ்சு அம்பது.”

“அப்போ இன்னும் இன்னிக்குதான். திருப்பி வை.”

ஈர ரப்பரை முன்னால் தள்ளலாம், பின்னால் இழுப்பது சுலபமில்லை. குண்டூசியை விட்டு நெம்பி, விரல் நகமெல்லாம் ஊதா மை ஏறி, பசைக்காரி முணுமுணுத்துக்கொண்டே பழைய தேதிக்குக் கொண்டு வந்தாள். அவள் மூஞ்சியைப் பார்த்து அக்காவுக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது, முழங்கால் வரை நனைந்த ஓர் ஆள் ஓடி வந்து ஒரு புத்தகம் எடுத்துக்கொண்டு போனார். அன்றைக்குரிய சரியான தேதியை அக்கா நங்கென்று குத்திக் கொடுத்துவிட்டு, பசைக்காரியை ஒரு பார்வை பார்த்தாள். அவ்வளவுதான். மணியும் அப்படித்தான். எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற ஆள் இருந்தால்தான் அடிப்பாள். காலி நாற்காலிகளுக்கு யாராவது மணி அடிப்பார்களா?

இது மூன்றாவது ஆளுக்குத் தெரியாது. போலீஸ் அவளிடம் சாவியைப் பற்றிக் கேட்டது, வாசகர்களைப் பற்றிக் கேட்டது, அண்ணனைப் பற்றி ஆயிரம் கேட்டது. முத்திரையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அந்த மேசையை அவளும் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. ஏணியிலும் சிரிப்பிலும் தாடியிலும் பொய் சொன்ன தொடர், எதைக் காட்டுகிறோம் என்றே தெரியாமல் இந்த ஓர் இடத்தில் மட்டும் உண்மையைக் காட்டிவிட்டது. ஊரே அதைத்தான் தப்பு என்கிறது.

ஆறு மணிக்கு மேலே அக்கா உயிரோடு இருந்தாள். முன்கதவைத் தானே தாழ் போட்டாள். தேதியைத் திருப்பினாள். அதற்குப் பிறகு, பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன்னாலேயே, பின் வரிசைப் பக்கம் போயிருக்கிறாள், பின்கதவு வழியாக யாரோ ஒருவன் வந்திருக்கிறான். அன்றைக்கு ஐந்தே முக்காலிலிருந்து அண்ணன் பசைக்காரியின் கண்ணெதிரில்தான் இருந்தான். பல் வலியில் முனகிக்கொண்டு கிடந்தவளுக்கு உப்புத் தண்ணீர் சுடவைத்துக் கொடுத்து, இரவு வெகுநேரம் கழித்து அவள் தூங்கும்வரை தலைமாட்டை விட்டு நகரவில்லை.

பசைக்காரி முன் அறைக்குப் போனாள். மூட்டை கட்டிய கருவிகள் ஒரு மூலையில் இருந்தன. போவதற்குள் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு மோட்டாரை மட்டும் வைத்துக்கொண்டு கம்பி சுற்றிக்கொண்டிருந்தான் அண்ணன். அவன் சுற்று எண்ணும்போது அந்த வீட்டில் யாரும் பேச மாட்டார்கள். எண்ணிக்கை தவறினால் முழுவதையும் பிரிக்க வேண்டும்.

“அண்ணா.”

ஒரு விரலைத் தூக்கிக் காட்டினான். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

“அண்ணா, நீ செய்யல.”

விரல் அந்தரத்திலேயே நின்றது. “என்ன செய்யல?”

“அக்காவ.”

கம்பியைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அவள் சொன்னாள். மல்லாக்கக் கிடந்த முத்திரை, இருபத்துநாலு, தாழ்ப்பாள், ஆறு மணி, உப்புத் தண்ணீர், எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகக் கொட்டினாள். அவன் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

“நான் செய்யலன்னு எனக்குத் தெரியாதா? இதைச் சொல்லவா எண்ணிக்கையைக் கெடுத்தே?”

பசைக்காரிக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்போடு அழுகையும் வந்தது. “எனக்குத் தெரியாதுண்ணா. இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எனக்குத் தெரியாது.”

“அதுவும் தெரியும்.”

“எப்படி?”

“போலீஸ் கேட்டான், நீ செஞ்சியான்னு. கடைக்காரர் கேட்டாரு. உன் புருஷன்கூட, பாவம், கல்யாணமான புதுசுல தனியாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டாரு. நீ ஒருத்திதான் கேக்கவே இல்ல.” கண்ணாடியை மாட்டிக்கொண்டான். “சந்தேகம் இல்லாதவளா இருந்தா சும்மாவாச்சும் கேட்டிருப்ப.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். செப்புக் கம்பித் துணுக்குகள் உள்ளங்கையில் குத்தின.

“குழாயடியில சட்டையைத் துவைச்சிட்டு இருந்தியே, அதான்…”

“எந்தச் சட்டை?”

“அன்னிக்கு. நான் பல் புடுங்கிட்டு வரும்போது.”

அண்ணன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நெடுநேரம் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். “நான் சட்டை துவைச்சேனா? வார்னிஷ் கொட்டிருக்கும். இல்ல, வேர்வையா இருக்கும். ஞாபகமே இல்லையே.” மன்னிப்புக் கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தான். அவள் இருபத்தேழு வருடம் சுமந்த சட்டை அவனுக்கு ஞாபகமே இல்லை.

“என்னைத் திட்டுண்ணா. நான் சொன்ன பொய்னாலதான் உன்னை…”

“திட்டி என்ன பண்ண? பொய்யாவது சொன்னியே. மத்தவங்க அதுக்கும் வரலை.”

கதவோரத்தில் மகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ. “மாமா,” என்றாள்.

“பரவால்ல விடு. என்னைத் தாடியோட காட்டினாங்களாமே, பாத்திருந்தா எனக்கே பயமா இருந்திருக்கும்.”

“நான் இப்பவே எழுதிப் போடறேன் மாமா. எல்லாருக்கும் தெரியட்டும்.”

“போடு,” என்றாள் பசைக்காரி, முந்திக்கொண்டு. “ஆனா அதுக்கு முன்னாடி ஸ்டேஷனுக்கு நான் என் கையால எழுதறேன். திங்கக்கிழமை கொண்டு போய்க் குடுக்கணும். ஆறு மணிக்கு மேல யார் அந்தப் பக்கம் வந்தாங்கன்னு அவங்க ஒருத்தரையும் கேக்கவே இல்ல. இப்பவாவது கேக்கட்டும்.” சொல்லிவிட்டு அண்ணனைப் பார்த்தாள். நேற்று எழாத நாக்கு இன்றைக்கு எழுந்தது. “மார்க்கெட் ரூம் வேண்டாம்னு சொல்லிடு. அங்க போனா உனக்கு யார் சாப்பாடு போடுவா?”

அவன் எழுந்து போய் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து, எதையோ தேடுகிறவன் மாதிரி குறட்டை வெளியே எடுத்து வைத்தான். பிறகு அவர்கள் பக்கம் திரும்பாமலே கேட்டான்:

“அவங்களா நடிக்குதே, அந்தப் பொண்ணு… எப்படி இருக்கு?”

மூன்று பேரும் போய் உட்கார்ந்தார்கள். மகள் முதல் பகுதியிலிருந்து போட்டாள். எண்ணெய்க் கறை படிந்த கையை மடியில் கோத்துக்கொண்டு, விருந்தாளி மாதிரி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான் அண்ணன். நூலகம் வந்தது. நடிகை வந்தாள். அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

“இல்ல,” என்றான். “அவங்க இதைவிட உயரம் கம்மி.”

“அதைத்தான் நானும் சொன்னேன்!” என்றாள் பசைக்காரி.

“மேலே ஃபேன் சத்தமே இல்லாம ஓடுது பாரு. அங்க ஓடினது கரகரன்னு கத்துமே. கடைசி நாள் அதைத்தான் சொன்னாங்க.”

பசைக்காரி அவன் பக்கம் திரும்பினாள். அன்றைக்கு என்ன பேசினீர்கள் என்று போலீஸ் எத்தனையோ தடவை கேட்டது. ஒன்றுமில்லை என்பதைத் தவிர வேறு பதில் அவன் வாயிலிருந்து வந்ததில்லை.

“என்ன சொன்னாங்க?”

“நான் கெளம்பறப்போ, ‘ஒரு நிமிஷம்’னு கூப்பிட்டாங்க. ‘நாளைக்கு வரும்போது உங்க டூல்ஸ் கொண்டு வர முடியுமா? இந்த ஃபேன் தலையில விழுந்துரும் போல இருக்கு’ன்னாங்க. காலையிலயே வரேங்கன்னேன். ‘காலையிலயே வேண்டாம், கூட்டமா இருக்கும். சாயங்காலம் எல்லாரும் போன பெறகு வாங்க. பசைக்காரியையும் இருக்கச் சொல்றேன், டீ போடலாம்’னாங்க.” அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “அதைச் சொன்னா எழுதி வெச்சுக்குவாங்க. கோர்ட்டுல படிப்பாங்க. அதான் சொல்லல.”

மகள் மெல்லக் கையை நீட்டிப் படத்தை நிறுத்தினாள். நடிகை ஏணியில் பாதி உயரத்தில் அப்படியே நின்றாள். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள்.

“எதுக்கு நிறுத்தினே?” என்றான் அண்ணன். “ஓட்டு. இன்னும் என்னென்ன தப்பாக் காட்டறாங்கன்னு பாக்கணும்.”